சரஸ்வதி பூசையில் வைத்த பாடம்

பிள்ளையாருக்கு ஒரு விளக்கேற்றி வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோபத்தைக் கொஞ்சம் குறைத்துத் தா அப்பனே என்று கேட்டுப் பார்த்தேன். குறையவில்லை. அதனால் அதோடேயே எழுதுகிறேன். கண்டியில் இருந்து வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1

கனடாவுக்கு நான் வந்து வருடங்கள் பல ஆகிவிட்டன. வந்த நாளில் இருந்து ஒரே வேலைதான். பாண் செய்கிற தொழிற்சாலை. கண்டியில் இருந்தபோதும் பேக்கரியில்தான் இருந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு மாவும் அடுப்பும்தான் கைகொடுத்தன. அங்கே பாண் சுடுகிற போறணை வாயில் நின்றவன் இங்கே பெல்ட்டின் ஓரத்தில் நிற்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சேர்ந்த காலத்தில் புதிதாக வருகிறவனை முதல் இரண்டு கிழமையும் பழைய ஆள் ஒருவருக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது, எந்தச் சத்தம் வந்தால் ஓட வேண்டும் என்று அவர் காட்டுவார். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கையைப் பிடித்து இழுத்தால் அது எல்லா மொழியிலும் விளங்கும்.

பிறகு அதைக் குறைத்து ஒரு நாள் வகுப்பு ஆக்கினார்கள். சுவரில் படம் ஓடும், மத்தியானம் சாப்பாடு தருவார்கள். அப்புறம் அதுவும் செலவு என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு அறையில் இரண்டு கணினியை வைத்தார்கள். இப்போது அதுவும் இல்லை. எல்லாம் கைபேசியில். மூன்று நிமிடப் பாடம், ஐந்து கேள்வி, சரியாகச் சொன்னால் ஒரு நட்சத்திரம். தொப்பி போட்ட கரடிக்குட்டி ஒன்று வந்து கை தட்டும். யாருக்கு எத்தனை நட்சத்திரம் என்று சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் பெயர் ஓடும். பேரப்பிள்ளை கண்டவர்களுக்குக் கரடிக்குட்டி கை தட்டுகிறது!

வேலை நேரத்தில் அதைப் பார்க்க விடமாட்டார்கள். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறதே. வீட்டில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் பார்க்கிற நேரத்துக்குச் சம்பளமும் இல்லை. ஆனால் கம்பெனி அனுப்புகிற செய்தியில் ஒவ்வொரு முறையும், இது உங்கள் வளர்ச்சிக்கு, உங்கள் வளர்ச்சிக்கு என்று எழுதியிருக்கும். என் வளர்ச்சியில் இவ்வளவு அக்கறை என் பெற்றோருக்குக் கூட இருந்ததில்லை.

பாடத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். ‘வாசித்தேன், விளங்கிக்கொண்டேன்.’ அதை அழுத்தினால்தான் பாடம் முடியும். விளங்கவில்லை என்று சொல்ல அந்தப் பக்கத்தில் வேறு பொத்தான் கிடையாது. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீடுகளில் அதை அழுத்துவது யார் தெரியுமா? பிள்ளைகள். இங்கே இருக்கிற நம் ஆட்கள் வீடு எல்லாவற்றிலும் இதே கதைதான். அப்பா அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே பிள்ளை கையை நீட்டும்.

"குடுங்க அப்பா. சும்மா நெக்ஸ்ட், நெக்ஸ்ட், டன்," என்பான் என் மகன். அவன் என்னோடு ஒரு நாளில் பேசுகிற தமிழ் பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் கொடுக்கவில்லை. குளித்து, விபூதி பூசி, விரதம் இருக்கிற நாள். வாசிக்காததை வாசித்தேன் என்று சொன்னால் அது பொய்ச் சத்தியம் இல்லையா என்று கேட்டேன்.

"அப்பா, அது சத்தியம் இல்ல. அது பட்டன்," என்றான்.

அன்று நானும் சிரித்தேன்.

2

சிரிப்பு நின்றது சிவராசா அண்ணனுக்கு நடந்ததற்குப் பிறகு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பெல்ட்டில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவர். என் மலையகப் பேச்சைக் கேட்டு, "உங்கட தமிழில இந்தியா மணக்குதடா தம்பி" என்று சீண்டுவார். "உங்க தமிழ்ல கருவாடு மணக்குதே அண்ணே" என்று நானும் விடமாட்டேன். இப்படி ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டுதான் நேரத்தைப் போக்குவோம்.

அவர் நிற்கிற பக்கத்தில் பெல்ட்டுக்குப் புதிதாக ஒரு பகுதியைப் பூட்டினார்கள். அதற்குப் பாடம் கைபேசிக்கு வந்தது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று யாரும் எதையும் காட்டவில்லை. சில நாள் கழித்து மா அடைத்துக்கொண்டது. முன்பு எப்படி எடுப்பாரோ அப்படியே கையை விட்டார். பழைய பகுதியில் மூடியைத் திறந்தால் பெல்ட் தானாக நிற்கும். புதியதில் நிற்காது. கையுறையோடு இரண்டு விரலை இழுத்துக்கொண்டது. நான் எதிரே நின்றேன். அதற்கு மேல் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கம்பெனி பூங்கொத்து அனுப்பியது. பிறகு விசாரணை வைத்தது. விசாரணையில் ஒரு அம்மா கணினியைத் திருப்பிக் காட்டினார். சிவராசா பாடத்தை முடித்திருக்கிறார். எல்லாக் கேள்விக்கும் சரியான விடை. மூன்று நட்சத்திரம். ‘விளங்கிக்கொண்டேன்’ என்று அழுத்தியிருக்கிறார். ஆகவே பிழை அவருடையது.

அந்த மூன்று நட்சத்திரமும் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிற அவருடைய மகள் வாங்கியது. சோபாவில் படுத்துக்கொண்டு வாங்கியது.

பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கை போனதைவிட இது பெரிசடா தம்பி. பிள்ளை என்ர முகத்தைப் பாக்கிறாள் இல்லை. தான் அமத்தினதாலதான் அப்பாவுக்கு இப்பிடி எண்டு அறைக்குள்ளயே கிடக்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?"

"உண்மையச் சொல்லிருங்க அண்ணே. மக அமுக்கினதுன்னு."

"ஓம், சொல்லலாம். அப்ப அது ஏமாத்து எண்டு சொல்லி வேலையும் போயிடும். பிள்ளையின்ர பேரும் வரும்."

அவர் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பயிற்சியின் சூட்சுமம் பிடிபட்டது. இது எங்கள் கையைக் காப்பாற்ற வந்தது அல்ல. தங்கள் கையைக் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் செய்துகொண்டது. பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினால் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஏதாவது நடந்தால் ‘சரியாகக் காட்டினாயா?’ என்று அவரையும் கேட்க வேண்டும். கரடிக்குட்டியை யாரும் கேட்கப் போவதில்லை.

நான் பழைய காலத்தைப் புகழ்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கண்டி பேக்கரியில் நான் வேலை பழகியபோது முதலாளியிடம் அடி வாங்கியிருக்கிறேன். கெட்ட வார்த்தை கேட்டிருக்கிறேன். அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. ஆனால் போறணையில் எனக்குச் சுட்டபோது அந்த மனுசன், "உனக்கு விளங்கினதுன்னு நீ சொன்னியே" என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

3

இந்த மனநிலையோடுதான் நவராத்திரிக்கு ஊருக்குப் போனேன். கண்டி மஹியாவையில் என் தங்கை வசந்தியின் வீடு. எங்கள் அப்பா மாநகரசபையில் வேலை செய்தபோது கிடைத்த வீடு. இப்போது வசந்தியும் அவள் மகள் கௌசியும் இருக்கிறார்கள். மச்சான் கொழும்பில் லொறி ஓட்டுகிறார், மாதத்துக்கு ஒரு முறை வருவார்.

கௌசிக்கு ஒரு பெரிய ஹோட்டலில் வேலை கிடைத்திருந்தது. மலைச்சரிவில், மகாவலி ஆறு தெரிகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். அங்கே லோண்டரியில். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, பழகுகிற ஆள். படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலையில் இருந்தவளை, அவற்றைத் தேய்க்கிற பெரிய உருளை இயந்திரத்துக்கு மாற்றப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஈரத் துணியை இந்தப் பக்கம் கொடுத்தால் சூடான இரண்டு உருளைக்கு நடுவே போய் அந்தப் பக்கம் காய்ந்து வரும். அதில் நின்றால்தான் நிரந்தரம்.

சரஸ்வதி பூசை நாள் பின்னேரம். வசந்தி சாமிப்படத்துக்கு முன்னால் பட்டு விரித்துப் புத்தகங்களை அடுக்கியிருந்தாள். அவளுடைய தையல் கத்தரி, மச்சானின் பழைய சாவிக்கொத்து, எல்லாம் இருந்தன. அன்று படைத்தால் விசயதசமி காலையில் பூசை முடித்துத்தான் எடுப்போம். இடையில் படிக்கக்கூடாது, ஆயுதத்தைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் சின்ன வயதில் இருந்து இதுதான் வழக்கம். பரீட்சை இருந்தாலும் தொடமாட்டோம்.

தீபம் காட்டி, கடலையும் அவலும் எடுக்கிற நேரத்தில் புத்தக அடுக்குக்குள் இருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் வந்தது.

வசந்தி கையில் இருந்த தட்டோடு அப்படியே நின்றாள். "என்னடி இது? சாமிக்குள்ள இருந்து சத்தம் வருது!"

"என்னோட போன்மா," என்றாள் கௌசி.

"போனா? போனை யாருடி படைப்பா?"

"பொஸ்தகம் படைக்கிறோம்ல? என்னோட பாடம் எல்லாம் அதுலதானே இருக்கு. அதான் வச்சேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் ‘டிங்’ என்றது.

அப்புறம்தான் விசயம் வெளியே வந்தது. உருளை இயந்திரத்துக்கான பாடத்தைக் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்றோடு முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் நிரந்தரம் இல்லை. பாடம் இங்கிலீசிலும் சிங்களத்திலும்தான். அவள் தமிழில் படித்தவள். சிங்களம் கடகடவென்று பேசுவாள், வாசிக்கத் தடுமாறுவாள்.

நான் எங்கேயோ விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்த அந்தச் சனியன், எனக்கு முன்னால் விமானம் ஏறி வந்து என் தங்கை வீட்டுச் சாமித்தட்டில் உட்கார்ந்திருக்கிறது!

 வசந்தி பக்திக்கும் பயத்துக்கும் நடுவில் தடுமாறினாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"அண்ணே, சாமி மன்னிச்சிரும். நான் தேங்கா ஒடைச்சுக்கிறேன். அத எடுத்து நீங்களே முடிச்சுக் குடுத்துருங்க. ஒங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியுமே. பத்து நிமிசம்தானாம். எல்லாப் புள்ளைகளும் வீட்டு ஆளுங்கள வச்சுத்தான் முடிக்கிதுகளாம்."

நான் தொடமாட்டேன் என்று சொன்னேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன். சிவராசா அண்ணனின் விரலைப் பற்றிச் சொன்னேன். அந்த மகளைப் பற்றிச் சொன்னேன். நாளைக்கு இவள் கை உள்ளே போனால், கௌசல்யா எல்லாம் விளங்கிக்கொண்டாள் என்று காட்டுவார்கள், விளங்கிக்கொண்டது நானாக இருப்பேன் என்று சொன்னேன்.

வசந்தி முழுவதையும் கேட்டாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்.

"ஒங்களுக்கென்ன அண்ணே. லீவு முடிஞ்சா ஏறிப் போயிருவீங்க. கோவமும் ஒங்களோடயே போயிரும். இவ வேல போனா இங்க நான்தானே இருக்கணும்?"

 இது வெளிநாட்டில் இருந்து வருகிற எவனுக்கும் பொருந்தும்.

கௌசிதான் பேசினாள். "மாமாவத் திட்டாதீங்கம்மா. நான் தெரிஞ்சேதான் வச்சேன்."

"எதுக்குடி?"

"நேத்து அந்த மெசின்கிட்டப் போய் நின்னேன். துணி மாட்டிக்கிட்டா எங்க நிறுத்துறதுன்னு கேட்டேன். ‘பாடத்துல இருக்கு, பாத்துக்க’ன்னு சொன்னாங்க. பாத்தேன். படத்துல செவப்பு பட்டன் முன்னாலயே இருக்கு. மெசின்ல அந்த எடத்துல ஒண்ணுமே இல்லம்மா. அப்புறம் எப்படி விளங்கிருச்சுன்னு அமுக்குறது? அதான் சாமிகிட்ட வச்சிட்டேன். யாரும் எடுக்க மாட்டீங்கன்னு தெரியும்."

 வசந்தி அடுக்குக்கு மேலே விலகியிருந்த பட்டை இழுத்து மூடிவிட்டாள். அதற்குள் இருந்து இன்னும் இரண்டு முறை சத்தம் வந்தது. நாங்கள் கடலை சாப்பிட்டோம்.

4

விசயதசமி காலையில் பூசை முடித்துக் கௌசி கைபேசியை எடுத்தாள். குங்குமம் ஒட்டியிருந்தது. திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்திருந்தது. துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

நானும் அவளோடு ஹோட்டலுக்குப் போனேன். பஸ்ஸில் முழுக்க என்னென்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். சிங்களத்தில் கொஞ்சம், இங்கிலீசில் கொஞ்சம். வாசலில் காவலுக்கு நின்ற ஆள் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் உள்ளே விடவில்லை. என் கோபத்தை வைத்துக்கொண்டு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்தது கௌசி வந்து சொன்னதுதான்.

பயிற்சிக்குப் பொறுப்பான மிஸ் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். சின்ன வயது, சிரித்த முகம், சிங்களப் பெண். எல்லாப் பிள்ளைகளையும் நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவாராம். "ஏன் நங்கி பாடத்த முடிக்கல?" என்று கேட்டிருக்கிறார்.

"பூசையில வச்சிருந்தேன் மிஸ். எங்க வழக்கத்துல இன்னைக்குக் காலையிலதான் எடுக்கணும்."

அந்த மிஸ்ஸுக்கு அது உடனே விளங்கியிருக்கிறது. சித்திரை வருசத்துக்குத் தங்கள் வீட்டிலும் சுப நேரம் வரும்வரை அடுப்பைக்கூடத் தொடமாட்டார்கள் என்று சொன்னாராம். நல்ல மனுசி. "ஆனா கம்பியூட்டருக்கு அது தெரியாதே நங்கி. என்னோட பேருக்கும் சிவப்பு விழுந்துரும். கொண்டா போனை. நானே அமுக்கி விடுறேன், ரெண்டு நிமிசம்" என்று கையை நீட்டினாராம்.

 என் மகன் நீட்டுகிற அதே கை. சிவராசாவின் மகள் நீட்டிய அதே கை. பிள்ளைகள் அமுக்குவது சரி, அது எங்கள் இயலாமை. படிப்பிக்கச் சம்பளம் வாங்குகிறவரே படிக்க வேண்டியவளுக்குப் பதிலாக அமுக்கித் தருகிறார் என்றால், பிறகு இந்தப் பாடத்தை உலகத்தில் யார்தான் படிக்கிறார்கள்? யாருக்காக அந்தக் கரடிக்குட்டி கை தட்டுகிறது?

"நீ என்ன செஞ்ச?" என்று கேட்டேன்.

"போனைக் குடுக்கல மாமா. விளங்கலன்னு அமுக்க இதுல எடம் இல்ல மிஸ், அதனால வாயால சொல்றேன், எனக்கு விளங்கலன்னு சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. வெக்கமாப் போச்சு."

அந்த மிஸ் கோபப்படவில்லை. கம்பெனியும் கத்தவில்லை. மடிக்கிற மேசைக்கே திருப்பி அனுப்பினார்கள். பழகுகிற காலத்தை நீட்டினார்கள். உருளை இயந்திரத்துக்கு மடுல்கெல்லை என்ற ஊரில் இருந்து வருகிற ஒரு பிள்ளையை நிறுத்தினார்கள். நட்சத்திரத்தில் முதலாவதாக வந்த பிள்ளை. அவளுடைய அண்ணன் கொழும்பில் இருந்துகொண்டு அமுக்கியிருக்கிறான்.

வசந்தி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் வந்தது.

கௌசிக்கு அந்த மடுல்கெல்லைப் பிள்ளையின் கவலைதான். "நான் தப்பிச்சுட்டேன் மாமா. அது நிக்குதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாள் வேலைக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் நேராகக் கேட்டிருக்கிறாள், நிறுத்துகிற இடம் உனக்குத் தெரியுமா என்று. அது முதலில், "நான்தான் பர்ஸ்டு, எனக்குத் தெரியாதா?" என்று முறைத்ததாம். பிறகு மெசினைச் சுற்றிப் பார்த்ததாம். பிறகு அழுததாம்.

இரண்டு பேரும் சேர்ந்து மிஸ்ஸிடம் போயிருக்கிறார்கள். காட்டுகிற வரைக்கும் தொடமாட்டோம் என்று நின்றிருக்கிறார்கள். விரிப்பு இல்லாமல் அறை ஆயத்தம் ஆகாதே, அதனால் அன்று பின்னேரமே மெக்கானிக் வந்தார். நிறுத்துகிற பொத்தான் இயந்திரத்தின் பின்பக்கம், அழுக்குத் துணி வண்டி நிற்கிற மறைவில் இருந்ததாம். பாடத்தில் இருந்த படம் வேறு ஏதோ நாட்டில் இருக்கிற வேறு ஒரு இயந்திரத்தின் படம். மெக்கானிக்கே தலையில் கை வைத்துக்கொண்டாராம். துணி வண்டியை நகர்த்தி வைத்தார்கள். அந்த மிஸ்ஸும் கூட நின்று பார்த்தாராம், அவரும் அன்றைக்குத்தான் அதை முதல் முறையாகப் பார்க்கிறார்.

கௌசிக்கு இந்த வரியை எழுதும் வரை நிரந்தரம் வரவில்லை.

5

திரும்பி வந்துவிட்டேன். வசந்தி சொன்னது சரிதான், ஏறி வந்துவிட்டேன். ஆனால் கோபம் விமான நிலையத்தில் தொலைகிற பெட்டி இல்லையே. அது என்னோடுதான் வந்தது.

சிவராசா அண்ணன் நின்ற இடத்தில் இப்போது வேறு ஆள் இல்லை. அந்தப் பகுதியையும் சேர்த்து என்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கான பாடம் என் கைபேசிக்கு வந்துவிட்டது. மேற்பார்வையாளரிடம் போனேன். "இயந்திரத்துக்குப் பக்கத்தில் யாராவது நின்று காட்டினால் செய்கிறேன், கைபேசியில் செய்யமாட்டேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். அவர் என்னைவிட இருபது வயது இளையவர். தோளில் தட்டி, "இது உன்னுடைய வளர்ச்சிக்குத்தான்" என்றார். முடிக்காவிட்டால் அட்டவணையில் என் பெயர் வராது என்றும் சொன்னார். பெயர் வராவிட்டால் வேலை இல்லை. வீட்டு வாடகையும் மகனின் படிப்பும் அதில்தான் ஓடுகிறது. மனைவிக்குச் சொன்னேன். அவள், "கையோட வாங்க, அது போதும்" என்றாள்.

சிவராசா அண்ணனுக்கும் சொன்னேன். "வேலையை விட்டுடுவியோ?" என்று கேட்டார்.

"விடல அண்ணே. கேட்டுட்டு நிக்கிறேன்."

 "அப்ப நானும் சொல்லட்டோ?" என்றார். "ஆர் அமத்தினது எண்டு. பிள்ளையிட்டையே கேட்டுப் போட்டுச் சொல்லுறன். கேக்கிற சாட்டிலையாவது அவள் என்னோட கதைப்பாள்."

இன்று மகன் பள்ளிக்கூடத்தால் வந்ததும் வழக்கம்போல் கையை நீட்டினான். "குடுங்க அப்பா. லாஸ்ட் டே இன்னைக்கு. அவங்க எனக்கே மெசேஜ் பண்ணியிருக்காங்க." அவனுடைய மின்னஞ்சலைத்தான் நான் கொடுத்திருந்தேன், எனக்கென்று ஒன்று கிடையாது.

"போன் என்கிட்ட இல்லப்பா," என்றேன்.

"எங்க?"

சாமி அறையைக் காட்டினேன். எட்டிப் பார்த்தான். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு பட்டுத் துண்டு, அதன்மேல் கைபேசி, ஒரு செவ்வந்திப் பூ.

"அப்பா, நவராத்திரி முடிஞ்சிருச்சு," என்றான். தமிழில் சொன்னான், முழு வசனமாக.

"தெரியும்," என்றேன்.

அவன் உள்ளே போய் எடுத்துவிடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். உள்ளே ‘டிங்’ என்றது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தோம். எழும்பவில்லை.